ஸ்னாப், ஹேலோ, பயோட்டின்: செல்லின் மேற்பரப்புப் புரதத்துக்கு எதைப் போடுவது?

போன வாரம் தேவகோட்டையிலிருந்து சித்தி மகள் போன் செய்தாள். "அண்ணே, என் ரிசெப்டருக்கு ஸ்னாப் போடவா, ஹேலோ போடவா, ஒரு வார்த்தையில சொல்லுங்க" என்றாள். ஒரு வார்த்தையில் முடிகிற விஷயம் இல்லை இது. செல்லின் மேல் நின்று சேதி வாங்கும் புரதம்தான் ரிசெப்டர். அதை நுண்ணோக்கியில் பார்க்க, அதோடு ஒரு துண்டுப் புரதத்தைக் கோத்து, அந்தத் துண்டில் சாயம் ஏற்றுவோம். அந்தத் துண்டுக்கு டேக் என்று பெயர், ஸ்னாப்பும் ஹேலோவும் அதில் இரண்டு வகை. இந்த இரண்டையும், கூடவே பயோட்டின் வழியையும் காரைக்குடி ஆய்வகத்தில் கையால் செய்து பார்த்தவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில், தானாகவே பச்சையாக ஒளிரும் சாதா ஜிஎஃப்பி புரதம் ஏன் போதாது? ஆத்தங்குடிக் கல் போடுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தால் புரியும். கண்ணாடி மேல் சட்டத்தை வைத்து, பூ அச்சின் ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு நிறச் சிமெண்டுக் கரைசலை ஊற்றி, அச்சைத் தூக்கிவிட்டு, அதன் முதுகில் சிமெண்டும் மணலும் போட்டு அழுத்துவார்கள். நிறம் கல்லோடு சேர்ந்தே பிறக்கிறது. ஜிஎஃப்பியும் அப்படித்தான், 238 அமினோ அமிலம் புரதத்தோடு ஒட்டிப் பிறந்து, புரதம் போகிற இடமெல்லாம் ஒளிரும். செல்லுக்குள் பாதி வழியில் நிற்பதும் பச்சை, மேற்பரப்புக்கு வந்துவிட்டதும் பச்சை. வெளியே எவ்வளவு இருக்கிறது என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை. சாயம் கோத்த ஆன்டிபாடி (எதிர்ப்பான்) வெளியே மட்டும் ஒட்டும், ஆனால் அதற்கு இரண்டு கை. இரண்டு ரிசெப்டரைச் சேர்த்துப் பிடித்துவிட்டால் செல் அவற்றை உள்ளே இழுத்துக்கொள்ளலாம், அப்புறம் நாம் பார்ப்பது நாமே கிளப்பிவிட்ட மாற்றத்தை.

ஸ்னாப் இங்கேதான் உதவுகிறது. நம் உடம்பில் டிஎன்ஏவைப் பழுதுபார்க்கும் ஒரு நொதியை மாற்றியமைத்த டேக் இது, எடை சுமார் 20 கிலோடால்டன். கய் ஜான்சன் குழு 2003இல் இந்த வழியைக் காட்டியது. பென்சைல்குவானின் என்ற மூலக்கூறைக் கோத்த எந்தச் சாயத்தைக் கொடுத்தாலும், நொதியில் உள்ள சிஸ்டீன் என்ற அமினோ அமிலம் அதைக் கோவேலன்ட் பிணைப்பாகப் பிடித்துக்கொள்ளும், எவ்வளவு கழுவினாலும் போகாது. முக்கியமான சங்கதி, சாயத்தை நாம் தேர்ந்தெடுக்கலாம். சல்ஃபோனேட் மின்னூட்டம் உள்ள சாயம் சவ்வைத் தாண்டாது, அதனால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் டேக் மட்டும் நிறம் பெறும். இது தெரியாமல் நான் முதலில் உள்ளே நுழையும் வகைச் சாயத்தைப் போட்டுவிட்டு, நியூக்ளியஸைச் சுற்றி வளையமாக ஒளிர்வதைப் பார்த்து, குளோனே, அதாவது டேக் கோத்த டிஎன்ஏவே தப்பு என்று இரண்டு வாரம் அலைந்தேன். குளோன் சரியாகத்தான் இருந்தது.

ஹேலோ இன்னும் பெரிது, 33 கிலோடால்டன், ரோடோகாக்கஸ் பாக்டீரியாவின் நொதியிலிருந்து வந்தது. குளோரோஆல்கேன் சங்கிலியைப் பிடிக்கும். ரோடமின் வகைச் சாயங்களோடு இதன் வேகம் ஸ்னாப்பைவிட வெகு அதிகம், குறைந்த சாயத்தில் சீக்கிரம் முடிந்துவிடும். மேற்பரப்பு வேலையில் இந்த வேகத்துக்கு மதிப்பு உண்டு. 37 டிகிரியில் அரை மணி நேரம் சாயத்தில் வைத்தால் அதற்குள் கொஞ்சம் ரிசெப்டர் உள்ளே போய்விடும், ஐஸில் வைத்தால் ஸ்னாப் மந்தமாகிவிடும். ஆனால் சின்னப் புரதத்தின் தலையில் 33 கிலோடால்டனை ஏற்றுவது எனக்கு உவப்பாக இல்லை. நிறம் இரண்டு வேண்டும் என்றால் ஸ்னாப்போடு கிளிப் என்ற இன்னொரு டேக்கைச் சேர்க்கலாம், ஸ்னாப்போடு ஹேலோவும் சேர்க்கலாம், ஒன்றின் சாயத்தை மற்றது தொடாது.

பாரம்தான் கவலை என்றால் பயோட்டின் வழி. 15 அமினோ அமிலத்தில் ஒரு சின்ன வால், பிர்ஏ என்ற ஈ.கோலை பாக்டீரியா நொதி அதில் இருக்கும் ஒரே லைசினில் பயோட்டின் என்ற வைட்டமினை ஒட்டும், அதன் மேல் பயோட்டினைக் கெட்டியாகப் பிடிக்கும், சாயம் ஏந்திய ஸ்ட்ரெப்டாவிடின் புரதம். நொதியை வெளியிலிருந்து ஏடிபியோடு ஊற்றுவதால் உள்ளே இருப்பதைத் தொடாது. இங்கே சறுக்குகிற இடம் மீடியம், அதாவது செல் வளரும் திரவம். ஆர்பிஎம்ஐயில் பயோட்டின் இருக்கிறது, டிஎம்இஎம்மில் இல்லை. நன்றாகக் கழுவாவிட்டால் மிச்சப் பயோட்டின் ஸ்ட்ரெப்டாவிடினை முழுதாக நிரப்பிவிட, தட்டு இருட்டாகவே கிடக்கும். அது போக ஸ்ட்ரெப்டாவிடினுக்கு நான்கு கை, ஆன்டிபாடியில் சொன்ன அதே தொல்லை. ஒரே கை உள்ள வகையை ஆலிஸ் டிங் குழு செய்திருக்கிறது, அதையே தேடுங்கள்.

மற்றவை சுருக்கமாக. ஜிஎஃப்பிக்காக 2008இல் நோபல் பெற்ற ரோஜர் சியென் குழுவே 1998இல் கொண்டுவந்த ஃப்ளாஷ் சாயத்துக்கான டேக், ஆறே அமினோ அமிலத்தில் முடிகிறது. அழகான வேதியியல். ஆனால் அதன் நான்கு சிஸ்டீனும் ஒடுக்க நிலையில், அதாவது ஆக்சிஜனேற்றம் ஆகாமல், இருக்க வேண்டும், செல்லின் வெளிப்பக்கம் ஆக்சிஜனேற்றச் சூழல் என்பதால் மேற்பரப்புக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். கிளிக் என்ற வேதிவினை வழியில், அசைடு கோத்த சர்க்கரையைச் செல்லுக்குக் கொடுத்து அதில் சாயத்தை ஒட்டினால் சர்க்கரை ஏறிய எல்லாப் புரதமும் ஒளிரும், ஒரே ஒன்று அல்ல. செம்பு வினையூக்கி உயிருள்ள செல்லுக்கு ஆகாது, கரோலின் பெர்டோசி குழுவின் செம்பில்லாத முறைதான் ஏற்றது.

சித்தி மகளின் கேள்வி, மருந்து கொடுத்த பிறகு ரிசெப்டர் எவ்வளவு உள்ளே போகிறது என்பது. அதற்கு ஸ்னாப் போதும் என்றேன், முதலில் ஒரு நிறம், மருந்துக்குப் பிறகு புதிதாக மேலே வந்ததற்கு இன்னொரு நிறம். பிளாஸ்மிட் (டேக் கோத்த டிஎன்ஏ வளையம்) வரைபடத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லிப் பார்த்தேன். டேக் ரிசெப்டரின் சி (C) முனையில், அதாவது செல்லுக்கு உள்பக்கம் இருந்தது, எந்த வெளிச் சாயமும் அதைத் தொட்டிருக்காது. வெளிப்பக்கம் நிற்கும் மறுமுனையான 'என்' (N) முனைக்கு, புரதத்தை மேற்பரப்புக்கு வழியனுப்பும் சிக்னல் வரிசைக்குப் பின்னால் மாற்றச் சொல்லியிருக்கிறேன். அதற்கு வேண்டிய சிறு டிஎன்ஏ துண்டுகளுக்கு, பிரைமருக்கு, ஆர்டர் போட்டுவிட்டாளாம்.