திருச்சியில் இறங்கியதும் முதலில் கேட்டது ஃபோன் நம்பர்

முன்னோர்களுக்குப் பங்காளிகள் கூடிப் படைக்கிற படைப்புக்காக, ஆறு வருடம் கழித்துக் காரைக்குடிப் பக்கத்துப் பள்ளத்தூர் போய் வந்தேன். சிங்கப்பூரிலிருந்து திருச்சிக்கு நாலு மணி நேரம்தான். விமானம், இமிக்ரேஷன், பெட்டி எல்லாம் சுணக்கமில்லாமல் முடிந்தன. 2024 ஜூனில் புழக்கத்துக்கு வந்த புதிய டெர்மினலை இப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தேன். ஸ்ரீரங்கத்துக் கோபுரத்தை நினைவூட்டும் வண்ணங்கள். பழைய கட்டடத்தில் பெட்டிக்காக நெருக்கியடித்து நின்ற நம் ஆட்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும்.

ஆனால் வெளியே வரும் இடத்தில் சிக்கிக்கொண்டேன். இரவு பதினொன்றரை மணி. காரைக்குடியிலிருந்து பங்காளி அண்ணன் கார் அனுப்பியிருந்தார். டிரைவர் நம்பர் வாட்ஸ்அப்பில் கிடக்கிறது. நான் ரோமிங் போட்டுக்கொள்ளவில்லை. இறங்கியதும் வைஃபை கிடைக்கும் என்ற நினைப்பு. வைஃபையோ ஓ.டி.பி. அனுப்ப மொபைல் நம்பர் கேட்டது. சிங்கப்பூர் நம்பரைப் போட்டேன், ஒன்றும் வரவில்லை. மூன்று தடவை போட்டேன்.

சரி, சிம் வாங்கிவிடலாம் என்று கவுண்டருக்குப் போனேன். பையன் மரியாதையாகத்தான் பேசினார். பாஸ்போர்ட், ஓ.சி.ஐ. அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய நம் ஆட்களுக்கு இந்தியா தருவது), ஃபோட்டோ எல்லாம் எடுத்துக்கொண்டு, "உள்ளூர் நம்பர் ஒண்ணு சொல்லுங்க சார், அதுக்கு ஓ.டி.பி. வரும்" என்றார். நம்பர் வாங்கத்தானே தம்பி வந்திருக்கேன் என்றேன். "உங்க சொந்தக்காரங்க நம்பர் சொல்லுங்க." அண்ணன் நம்பரைச் சொன்னேன். அவர் ஒன்பது மணிக்கே படுத்துவிடுகிற ஆள். ஓ.டி.பி. அங்கே போய்ச் சேர்ந்திருக்கும். எழுப்பிக் கேட்க எனக்குத்தான் வழியில்லை. "ஆதார் இருந்தா சீக்கிரம் முடிஞ்சிடும் சார்." ஓ.சி.ஐ. வைத்திருக்கும் எங்களுக்கு ஆதார் வேண்டுமென்றால் பன்னிரண்டு மாதத்தில் 182 நாளாவது இங்கே தங்கியிருக்க வேண்டும். பத்து நாள் லீவில் வருகிறவன் எங்கே போவேன்? இந்த மண்ணில் பிறந்து, இங்கேயே பள்ளிக்கூடம் போனவன், பத்து இலக்க நம்பர் இல்லாமல் அந்தக் கவுண்டரில் நின்றது உண்மையிலேயே வலித்தது. சாங்கியில் யார் வந்து இறங்கினாலும் பேங்க் கார்டைத் தட்டிவிட்டு எம்.ஆர்.டி. மெட்ரோ ரயிலில் ஏறிவிடலாம். அங்கே யாரும் உள்ளூர் ஆளின் நம்பர் கேட்பதில்லை.

பின்னால் வரிசையில் ஒரு தம்பி நின்றிருந்தார். அறந்தாங்கிக்காரர், சிங்கப்பூரில் கட்டுமான வேலை, இரண்டு வருடம் கழித்து வீட்டுக்குப் போகிறார். "அண்ணே, என் நம்பரப் போடுங்க" என்று ஃபோனை நீட்டினார். அவருடைய பழைய ஊர் நம்பரை ரீசார்ஜ் செய்து உயிரோடு வைத்திருந்திருக்கிறார். ஓ.டி.பி. வந்த திரையை என் பக்கம் திருப்பிக் காட்டிக்கொண்டே நின்றார், கை நடுங்காமல், நான் ஒவ்வொரு எண்ணாகச் சொல்லி முடிக்கும் வரை. வெளியே அவர் வீட்டு ஆட்கள் காத்திருந்தார்கள். முன்பின் தெரியாத ஆளுக்கு இப்படி நிற்கிற மனசு நம் ஊரில் இன்னும் இருக்கிறது. ரசீதின் பின்பக்கம் அவர் நம்பரை எழுதி வாங்கிக்கொண்டேன்.

சிம் இரண்டு மணி நேரத்தில் வேலை செய்யும் என்றார்கள். வேலை செய்ய மறுநாள் சாயங்காலம் ஆனது.

டிரைவரைக் கண்டுபிடித்தது தனிக் கதை. வெளியே அட்டை பிடித்து நின்றவர்களிடம் என் பெயரை இங்கிலீஷில் தேடி இரண்டு சுற்று வந்துவிட்டேன். அப்புறம்தான் பார்த்தேன், தினசரி காலண்டரின் பின்னட்டையில் நீல பேனாவால் திரும்பத் திரும்பத் தடிப்பாக எழுதியிருந்தது எங்கள் வீட்டு விலாசம், அதாவது குடும்பத்தைக் குறிக்கும் முதலெழுத்துகள், தமிழில், மூன்று எழுத்து. என் பெயர் அதில் இல்லவே இல்லை. "ஆச்சிதான் விலாசம் எழுதினா போதும், தெரிஞ்சுக்குவாகன்னு சொன்னாகண்ணே" என்றார் டிரைவர். முன்பெல்லாம் அம்மான் கம்பித் தடுப்பில் சாய்ந்து நிற்பார், அம்பாசிடர் வெளியே நிற்கும், யாருக்கும் நம்பர் தேவைப்பட்டதில்லை.

திருமயம் கோட்டை இருட்டில் தாண்டியது. வழியில் டீக்கடையில் ஐந்நூறு ரூபாய் நோட்டை நீட்டினால், சில்லறை இல்லை, க்யூ.ஆரில் போடுங்கள் என்கிறார். அதற்கும் நம்பர் வேண்டும். டிரைவர்தான் கொடுத்தார்.

போகிறவர்கள் தயவுசெய்து கேளுங்கள். கிளம்பும்போதே ரோமிங் போட்டுக்கொள்ளுங்கள், ஒரு நாளுக்காவது. டிரைவர் நம்பரைத் தாளில் எழுதிச் சட்டைப்பையில் வையுங்கள். ஊரில் ஒருவரையாவது ஓ.டி.பி.க்காக விழித்திருக்கச் சொல்லுங்கள். கையில் நூறு ரூபாய்த் தாள்கள் இருக்கட்டும்.

மறுநாள் வளவில், வீட்டின் உள்முற்றத்தில், பந்திக்கு இலை போட்டுக்கொண்டிருந்தபோது ஃபோனில் சிக்னல் ஏறியது. ரசீதைத் தேடி எடுத்து, முகப்புக்கு வந்து, முதல் ஃபோனை அறந்தாங்கிக்குப் போட்டேன். பின்னால் குழந்தை சத்தம். நான் யாரென்று சொன்னதும், "அண்ணே, லைன் வந்துருச்சா?" என்றார்.