சாப்பாடு தருவார்கள் என்று எடுத்த விடுதி

மகள் 2023 செப்டம்பரில் ரொறன்ரோ பல்கலைக்கழகத்துக்குப் போனாள், டவுண்டவுனில் இருக்கிற சென். ஜோர்ஜ் வளாகத்துக்கு. நாங்கள் இருப்பது ஸ்காபரோவில், மோல்வேன் பக்கம். "வீடு இங்கை இருக்க என்னத்துக்கு விடுதி?" என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. என் மனுசனும் அந்தக் கட்சிதான். "ஸ்காபரோவிலையே ஒரு கம்பஸ் இருக்கு, தமிழ் இருக்கைக்கு நாங்களும் காசு குடுத்தனாங்கள், அங்கை போனால் என்ன?" என்று நின்றார். அவள் எடுத்த பாடம் டவுண்டவுனில்தான் என்றதும் அந்தக் கதை முடிந்தது. விடுதியா வீடா என்ற கதை மட்டும் முடியவில்லை.

அதை முடித்து வைத்தது ரயில். மோல்வேனிலிருந்து போவதென்றால் பஸ், பிறகு ஸ்காபரோ ஆர்.டி. என்கிற சின்ன ரயில், கென்னடி நிலையத்தில் மாறி சப்வே. நவம்பரில் மூடுவதாக இருந்த அந்த ஆர்.டி. 2023 ஜூலை 24 அன்று தடம் புரண்டது, அதற்குப் பிறகு ஓடவேயில்லை. இனிக் கென்னடி வரைக்கும் பஸ்தான். ஒரு வழிக்கு ஒன்றரை மணித்தியாலம், பனி கொட்டினால் இன்னும் கூட. அன்றிரவு மனுசன் செய்தியைப் பார்த்துவிட்டு, "சரி, அங்கையே நிக்கட்டும்" என்றார்.

நல்லகாலம், விண்ணப்பத்தை நாங்கள் மார்ச்சிலேயே போட்டு வைத்திருந்தோம். பள்ளிக்கூடம் முடித்து நேராக முதலாம் வருடத்துக்குப் போகிற முழுநேரப் பிள்ளைகளுக்கு, மார்ச் முடிவுக்குள் விண்ணப்பித்தால், விடுதியில் இடம் உறுதி. வீடு ரொறன்ரோவுக்குள்ளேயே இருந்தாலும்தான். இது தெரியாமல் "எங்களுக்குத் தரமாட்டாங்கள்" என்று விடுகிற ஸ்காபரோ அம்மாக்கள் கனபேர்.

பலர் பிழைவிடுகிற இடம் வேறு. அங்கே கலை, அறிவியல் படிக்கிற பிள்ளைகள் ஏழு கல்லூரிகளில் ஒன்றைச் சேர்ந்தவர்கள். விருப்ப வரிசையைப் பிள்ளைதான் எழுத வேண்டும். பெரும்பாலும் அந்தக் கல்லூரியோடுதான் விடுதியும் வரும். அதாவது விடுதி விண்ணப்பத்தைத் திறப்பதற்கு முதலே பாதி முடிவு எடுத்தாயிற்று. நாங்கள் வரிசை எழுதியது கட்டடத்தின் அழகைப் பார்த்து. விக்டோரியா கல்லூரியில் அன்ஸ்லி ஹோல் என்று ஒன்று, 1903இல் பெண்களுக்கென்றே கட்டினது. அதைச் சுற்றிப் பார்த்த நாளில் நானே படிக்கப் போகலாமா என்று இருந்தது. செஸ்நட் என்ற இன்னொரு விடுதி முன்பு ஹோட்டலாக இருந்தது, அறையோடேயே குளியலறை. இனிஸ், வுட்ஸ்வேர்த் கல்லூரிகளின் விடுதிகள் இன்னொரு விதம்: நாலைந்து பேர் சேர்ந்து ஒரு குசினி, ஆளுக்கொரு அறை, சாப்பாட்டுத் திட்டம் கட்டாயமில்லை.

குசினி உள்ளதைப் பட்டியலின் அடிக்குத் தள்ளினது நான். என் பிள்ளைக்கு முட்டை பொரிக்கத் தெரியாது. சமைத்துத் தருகிற இடத்தில் இருந்தால் பட்டினி கிடக்கமாட்டாள் என்பது என் கணக்கு. அப்படியே கிடைத்தது. இரண்டு பேர் அறை, சாப்பாட்டுத் திட்டம், எட்டு மாதத்துக்கு 17,000 டொலருக்கு மேல். ஓசாப் என்கிற ஒன்ராறியோ அரசின் மாணவர் உதவியில் வீட்டிலிருந்து போகிற பிள்ளைக்கும் வெளியே தங்குகிற பிள்ளைக்கும் வாழ்க்கைச் செலவை வேறு வேறாகக் கணக்குப் பார்ப்பதால் கொஞ்சம் தாங்கியது.

செப்டம்பர் முழுக்கப் புதினம். பாஸ்தா, பீட்சா, சலாட் படங்கள் வந்தபடி இருந்தன. ஒக்டோபர் நடுவில் வெள்ளிக்கிழமை பின்னேரம் ஐந்து மணிக்கு அழைப்பு: "அம்மா, இரவைக்கு என்ன?" புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் என்றேன். ஏழு மணிக்கு வாசலில் நிற்கிறாள். பிறகு ஒவ்வொரு வெள்ளியும் அப்படித்தான். வந்தால் ஞாயிறு இரவுதான் திரும்புவாள். சாப்பாட்டுக்காக எடுத்த விடுதியை விட்டு, சாப்பாட்டுக்காகவே வந்துகொண்டிருந்தாள். குறை அந்தச் சாப்பாட்டில் இல்லை, உறைப்புக்குப் பழக்கிவிட்ட நாக்கில். சனி ஞாயிறுகளில்தான் மற்றப் பிள்ளைகள் சேர்ந்து திரிந்து நட்பாகிறார்கள் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. ஏப்ரலில் சாப்பாட்டுக் கணக்கில் மிச்சம் கிடந்த காசுக்கு யூஸ் போத்தல்களும் கிரனோலா பார்களும் அள்ளிக்கொண்டு வந்தாள். ஜூன் வரைக்கும் மனுசன் வேலைக்கு அதைத்தான் கொண்டுபோனார்.

அறைத் தோழி விசயத்திலும் பிழை என்னுடையதுதான். எத்தனை மணிக்குப் படுப்பாய் என்று படிவத்தில் கேட்டிருந்தார்கள். நான் பின்னால் நின்றேன். அவள் "பத்தரை" என்று எழுதினாள். பொருத்தமாக ஒன்பதரைக்கே படுக்கிற, மிக நல்ல ஒரு பிள்ளை கிடைத்தாள். என் மகள் இரண்டு மணிக்கு முன் படுத்ததாகச் சரித்திரமில்லை. பாவம், இரவிரவாக றொபாட்ஸ் நூலகத்தில் போய்க் கிடந்தாள். பதினாலு மாடிக் கொங்கிறீற்றுக் கோட்டை அது, தவணைக் காலத்தில் கிழமை நாட்களில் விடியவிடியத் திறந்திருக்கும். அந்தப் படிவம் நிரப்பும்போது பெற்றோர் வேறு அறைக்குப் போங்கோ, அவ்வளவுதான் சொல்வேன்.

இரண்டாம் வருடம் அவளே தேடி, நாலு பெண்பிள்ளைகளுக்கு ஒரு குசினி உள்ள இடத்துக்கு மாறினாள். நான் ஐந்து கிலோ சம்பா அரிசியும் வறுத்த மிளகாய்த்தூளும் கட்டிக் கொடுத்தேன். முதல் மாதம் பரிசோதனை. ஜனவரியில் ஒரு நாள் நெத்தலிக் கருவாடு பொரிக்கப் போய், புகை அலாரம் அடித்து, கட்டடம் முழுக்கப் பைஜாமாவோடு பனிக்குள் இறங்கி நின்றதாம். "ஆர் எண்டு ஆருக்கும் தெரியாது அம்மா" என்றாள். அந்த மணம் தெரியாமல் இருந்திருக்கும் என்று நான் நம்பவில்லை. ஆனால் ஸ்படைனா வீதியில் சீனக் கடையில் தேங்காயும் பச்சை மிளகாயும் வாங்கப் பழகினாள். சாமான் செலவு மாதம் 250 டொலருக்குக் கிட்ட. அந்த வருடம் வெள்ளிக்கிழமை அழைப்புகள் "இரவைக்கு என்ன" என்பதிலிருந்து "பருப்புக்கு எவ்வளவு தண்ணி" என்று மாறின. வீட்டுக்கு வருவது மாதம் ஒரு தடவை. எனக்கு அது பிடித்ததா என்று கேட்காதேங்கோ.

சின்னச் சின்ன விசயங்கள்: கட்டில் ருவின் எக்ஸ்எல், மெத்தை 80 அங்குலம். வீட்டிலிருக்கிற சாதாரண ருவின் விரிப்பு ஐந்து அங்குலம் காணாது, ராத்திரி முழுக்கக் கால்மாட்டில் கழன்றுகொண்டே இருக்கும். நாங்கள் மூன்று வாங்கிப் போய் மூன்றையும் திருப்பிக் கொடுத்தோம். சோறு காய்ச்சுகிற குக்கரை அறைக்குள் வைக்கலாமா என்று முதலே விதிகளைப் படியுங்கோ. கிறிஸ்மஸ் விடுமுறைக்கு விடுதியை மூடினால் பிள்ளை எங்கே நிற்கும் என்பதும் வெளியூர்ப் பெற்றோர் கேட்க வேண்டிய கேள்வி. எங்களுக்கு அந்தப் பிரச்சினை இருக்கவில்லை.

இப்போது அவள் மூன்றாம் வருடம். மகன் பன்னிரண்டாம் வகுப்பு, போன கிழமைதான் கல்லூரி வரிசை எழுதினான். முதல் இரண்டும் குசினி உள்ளவை. அவனுக்கும் முட்டை பொரிக்கத் தெரியாது.