இ.சி.டி. டிடெக்டர்: ஏழு வருடம் ஓட்டிய பிறகு

எங்கள் ஜி.சி.யின் (கலவையை ஆவியாக்கிப் பிரிக்கும் வாயு குரோமடோகிராஃப்) இ.சி.டி., அதாவது எலக்ட்ரானைப் பிடிக்கும் மூலக்கூறுகளைக் கண்டுகொள்ளும் டிடெக்டர், சுத்தம் செய்யப்பட்டு போன வாரம்தான் திரும்பி வந்தது. உள்ளே இருப்பது கதிரியக்க நிக்கல்-63, அதனால் நாமே திறந்து துடைக்க முடியாது. உரிமம் உள்ளவர்களுக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும். அந்த இடைவெளியில் நண்பர் ஒருவர் கேட்டார்: மீனிலும் சிப்பியிலும் பி.சி.பி., டி.டி.டி. போன்ற குளோரின் ஏறிய மாசுகளை அளக்க இதை வாங்கலாமா?

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். 1957-ல் ஜேம்ஸ் லவ்லாக் உருவாக்கிய டிடெக்டர் இது. குளோரின் ஏறிய மூலக்கூறு பிகோகிராம் அளவில் வந்தாலும் தவற விடாது. சிப்பித் தசையை அரைத்து, சாற்றை எடுத்து, அடர் கந்தக அமிலத்தோடு குலுக்கினால், கொழுப்பெல்லாம் கருகி அடியில் கறுப்பாக இறங்கும். மேலே ஹெக்சேன் கண்ணாடி போலத் தெளியும். (டீல்ட்ரின் என்ற பூச்சிக்கொல்லியை அளக்க வேண்டுமென்றால் அமிலம் கூடாது, அது அழிந்துவிடும்.) அந்தத் தெளிவில் ஒரு மைக்ரோலிட்டரை ஊசியில் ஏற்றினால் போதும், டி.டி.டி. சிதைந்து உண்டாகும் டி.டி.இ.யின் பீக் (வரைபடத்தில் எழும் முகடு) நிமிர்ந்து நிற்கும். ஏழு வருடத்தில் ஒருநாளும் எனக்கு இது சலித்ததில்லை.

என் கோபம் வேறு. எலக்ட்ரானைப் பிடித்தது எது என்று இது சொல்லவே சொல்லாது. இரண்டாவது வருடம், பி.சி.பி.கள் வரும் நேரத்தில் சிப்பியே சேர்க்காத பிளாங்கிலேயே ஒரு பீக் வந்தது. ஊசி, லைனர், வாயு வடிகட்டி, ஹெக்சேன் என்று ஒவ்வொன்றாக மாற்றினேன். மூன்று வாரம் போனது. கடைசியில், இறுதிக் கொள்ளளவைச் சரிசெய்யும் பிளாஸ்டிக் வாஷ் பாட்டிலில் இருந்து கசிந்த தாலேட், பிளாஸ்டிக்கை மென்மையாக்கச் சேர்க்கும் பொருள். அதில் குளோரினே கிடையாது, ஆனாலும் இ.சி.டி. அதைப் பிடித்துக் காட்டுகிறது! அதற்குள் ஒரு தொகுதிச் சிப்பி முழுவதும் வீணாகிவிட்டது. மறுபடி போய்ப் பிடித்தால் அவை வேறு சிப்பிகள், வேறு பருவம். அந்த இழப்பு எனக்கு இன்னும் ஆறவில்லை.

அன்றிலிருந்து ஒவ்வொரு பீக்கையும் வேறு பூச்சுள்ள இரண்டாவது கேப்பிலரியில் (ஜி.சி.யில் பொருட்களைப் பிரிக்கும் மெல்லிய குழாய்) ஓட்டித்தான் உறுதி செய்கிறேன். வேலை இரட்டிப்பு. பி.சி.பி. வகைகளில் 138-உம் 163-உம் ஒட்டி வருவதற்கு மட்டும் இதைத் திட்ட மாட்டேன். இரண்டுக்கும் ஒரே எடை, மூலக்கூறை எடையால் அடையாளம் காணும் மாஸ் ஸ்பெக்காலும் பிரிக்க முடியாது. கேப்பிலரிதான் பிரிக்க வேண்டும்.

சரி, வாங்கலாமா? வேண்டாம். மாஸ் ஸ்பெக் வாங்குங்கள். எடை கூடிய கார்பன்-13 ஏற்றிய பி.சி.பி.யை அரைக்கும்போதே சேர்த்துவிட்டால், வழியில் எவ்வளவு தொலைந்தது என்று ஒவ்வொரு சாம்பிளிலும் தெரியும். இ.சி.டி.க்கு அந்த வித்தியாசமே தெரியாது. நாளைக்கு பேஸ்லைன் (பீக் இல்லாதபோது வரும் அடிக்கோடு) அடங்கியதும் நான் வேறு மாதிரி பேசலாம். இன்று இரண்டாவது நாளாக அது இறங்க மறுக்கிறது.