மாடு, இரும்பு, வெள்ளி, தங்கம்: செல்வத்தை அளக்க எது?

மழை பொய்த்த வருடம் எங்கள் தருமபுரிப் பக்கம் எல்லோரும் ஒரே நேரத்தில் மாட்டைச் சந்தைக்கு ஓட்டிப் போவார்கள், தீவனம் இல்லை, வாங்குகிற ஆளும் இல்லை, அதனால் காசு மிகவும் தேவைப்படுகிற அந்த வாரத்தில்தான் விலை விழும். அதே வாரம் அம்மா சங்கிலியை அடகு வைக்கப் போனால், எங்கள் ஊர் வறட்சி அதன் விலையைத் தொடாது. தங்கம் ஏன் அளவுகோல் ஆனது என்று கேட்டால் நான் முதலில் இதைத்தான் சொல்வேன்.

மாடு ஒன்றும் லேசான போட்டி இல்லை. பழந்தமிழில் மாடு என்ற சொல்லுக்கே செல்வம் என்று பொருள் உண்டு. தருமபுரி மாவட்டத்து நடுகற்களில் பல, ஆநிரைக்காகச் சண்டை போட்டுச் செத்தவர்களுக்கு நட்டவை. பால் தரும், உழும், கன்று போடும். ஆனால் நோய் வந்தால் போச்சு, அரை மாட்டைக் கொடுத்து அரிசி வாங்கவும் முடியாது.

இரும்பு? கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022இல் அறிவித்தார்கள். கலப்பைக்கும் அரிவாளுக்கும் அதுதான் வேண்டும், தங்கத்தில் கொழு அடிக்க முடியாது. ஆனாலும் துருப்பிடிக்கும், தாதும் எங்கும் கிடைக்கும், அதனால் சேர்த்து வைக்க உதவாது.

உண்மையான போட்டி வெள்ளிதான். நம் ரூபாயே ஒரு காலத்தில் வெள்ளிக் காசுதானே! 1871இல் ஜெர்மனி வெள்ளிக் காசை விட்டுத் தங்கக் காசுக்கு மாறத் தொடங்கியது, அமெரிக்காவின் நெவாடா சுரங்கங்களிலிருந்து வெள்ளி வந்து கொட்டியது, விலை சரிந்துகொண்டே போய், யார் வேண்டுமானாலும் வெள்ளியைக் கொடுத்து ரூபாயாக அடித்து வாங்கலாம் என்றிருந்த வசதியை இந்திய நாணயசாலைகள் 1893இல் நிறுத்திவிட்டன. அப்புறம், கொலுசு கறுக்கும், காற்றில் இருக்கும் கந்தகம் விடாது.

தங்கம் கறுக்காது. குண்டுமணி அளவுக்குக்கூட வெட்டலாம், உருக்கித் திரும்பச் சேர்த்தாலும் எடை அப்படியே இருக்கும். உரைகல்லில் தேய்த்தால் மாற்று, அதாவது எவ்வளவு சுத்தம் என்பது, தெரிந்துவிடும். ஒரு கன சென்டிமீட்டருக்கு 19.3 கிராம், ஈயமே 11.3தான், அதனால் ஈயத்துக்கு முலாம் பூசி ஏமாற்றினால் கையில் தூக்கிப் பார்த்தே சந்தேகம் வரும். 1064 டிகிரியில் உருகுவதால் பழைய கொல்லர்களின் உலையிலேயே வேலை நடந்தது. பிளாட்டினமும் கெடாதுதான், ஆனால் அதற்கு 1768 டிகிரி வேண்டும், அந்த உலைகளால் ஆகாது.

எல்லாவற்றுக்கும் மேல், நினைத்தவுடன் பெருக்க முடியாது. கிருஷ்ணகிரிக்குப் பக்கத்தில் கோலார் தங்கவயல் இருக்கிறது, நம் தமிழ்த் தொழிலாளிகள் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே சூட்டில் இறங்கிப் பாறையை உடைத்தார்கள், கடைசிக் காலத்தில் ஒரு டன் பாறைக்குச் சில கிராம்தான் தேறியது, எடுக்கிற செலவுக்குக் கட்டாமல் 2001இல் மூடிவிட்டார்கள்.