பழைய ஜிப்ஸியில் லிங்க் வயருக்குப் பதிலாக ஃபியூஸ்: கோத்தகிரி கடையில் செய்த வேலை

சென்ற ஐப்பசி மழையில் மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு ஏறி வரும்போது, குஞ்சப்பனைக்கு மேல் தேநீர் குடிக்க வண்டியை நிறுத்தினேன். திரும்பி வந்து சாவியைத் திருப்பியபோது டாஷ்போர்டில் ஒரு விளக்குகூட எரியவில்லை, செல்ஃபும் எடுக்கவில்லை. 1994ஆம் ஆண்டு மாருதி ஜிப்ஸி அது. பேட்டரி நன்றாக இருந்தது. அதன் பாசிட்டிவ் முனையிலிருந்து கிளம்பும் லிங்க் வயர்தான் போயிருந்தது. உதவிக்கு வந்த மெக்கானிக் ஒருவர் அந்த இடத்தில் சாதாரண வயரைச் சுற்றி வீடு வரை ஓட்டச் சொன்னார், ஓட்டினேன். அப்படி ஓட்டியிருக்கவே கூடாது. மீண்டும் ஷார்ட் ஆகியிருந்தால் எரிவதற்கு லிங்க் இல்லை, மொத்த வயரிங்கும்தான் எரிந்திருக்கும்.

லிங்க் வயர் என்பது, தான் காக்க வேண்டிய கம்பியைவிடப் பொதுவாக நான்கு கேஜ் (கம்பித் தடிமனைக் குறிக்கும் எண்) மெலிந்த, எளிதில் தீப்பிடிக்காத உறை போர்த்திய ஒரு துண்டுக் கம்பி. அளவு மீறிய மின்சாரம் நீடித்து ஓடினால் உள்ளே செம்பு உருகிவிடும், உறை மட்டும் அப்படியே நிற்கும். அதனால்தான் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடிவதில்லை. என்னுடையதில் உறை ஓரிடத்தில் லேசாகப் புடைத்திருந்தது. இரு முனையையும் பிடித்து இழுத்தபோது ரப்பர் போல நீண்டது.

மறுநாள் கோத்தகிரியில் ஒரே அறை கொண்ட ஓர் ஆட்டோ எலெக்ட்ரிக்கல் கடைக்கு வண்டியைக் கொண்டுபோனேன். இந்த மதிப்புரையை எழுதத் தூண்டியது அந்த எலெக்ட்ரீஷியன் வேலை செய்த முறைதான். அவர் ஃபியூஸை முதலில் கையில் எடுக்கவில்லை. "லிங்க் ஏன் போச்சுன்னு பாக்காம ஃபியூஸ் போட்டா, அதுவும் போகும் சார்" என்று சொல்லிவிட்டு, டைனமோவிலிருந்து வரும் கம்பியை ஒரு மணி நேரம் தடவிப் பார்த்து, ரப்பர் புஷ் விழுந்துபோன துளையில் அது தகரத்தில் உரசி உறை தேய்ந்திருந்ததைக் காட்டினார். கம்பியை மாற்றிப் புது புஷ் போட்ட பிறகே, கம்பியைச் சுற்றிக் கவ்விப் பேட்டரி மின்சாரத்தை (டிசி) அளக்கும் கிளாம்ப் மீட்டரை மாட்டி, ஹெட்லைட், வைப்பர், ஹாரன் எல்லாவற்றையும் ஓடவிட்டு அளந்தார்: 22 ஆம்பியர். பிறகு என்னை விடியற்காலைக் குளிரில் மறுபடி வரச்சொன்னார். இறங்கிப்போன பேட்டரிக்கு டைனமோ சார்ஜ் ஏற்றும் முதல் சில நிமிடங்களில் மீட்டரில் மின்சாரம் 35 ஆம்பியரைத் தாண்டியது. மலையில் இந்த அளவைக் கணக்கில் எடுக்காமல் சிறிய ஃபியூஸ் போட்டால், அது என்ஜின் ஓடும்போதே எரிந்து, பேட்டரியை விட்டுப் பிரிந்த டைனமோவின் வோல்டேஜ் எகிறி, பல்புகள் வரை போகக்கூடும். எனவே, கம்பி தாங்கும் அளவுக்குள் நிற்கும், மெதுவாக எரியும் வகையான 50 ஆம்பியர் சிவப்பு மேக்ஸி ஃபியூஸை (பெரிய அளவு ஃபியூஸ்) தேர்ந்தார். என் வண்டிக்கு வந்த எண் இது. அப்படியே எடுத்துப் போட்டுவிடாமல் உங்கள் வண்டியை அளந்து பாருங்கள்.

குறை சொல்ல வேண்டியது ஃபியூஸ் ஹோல்டரைத்தான். நான் வாங்கிப்போன ஹோல்டரின் உடலும் மூடியும் உறுதியாகவே இருந்தாலும், அதோடு வந்த வயர் வண்டியின் அசல் கம்பியைவிட மெல்லியது. உறையைச் சீவியபோது செம்பு பூசிய அலுமினியம் வெளுத்துத் தெரிந்தது. இதை அப்படியே மாட்டினால் ஃபியூஸ் எரியும் முன்பே வயர் சூடேறும். அவர் அதை வெட்டி எறிந்துவிட்டு, உள்ளே முழு அளவுச் செம்பு வயரை லக் (வயர் முனையில் மாட்டும் உலோக இணைப்பு) வைத்து அழுத்தி, மேலே சூட்டில் சுருங்கும் ஸ்லீவ் போட்டுச் சுருக்கி, பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் பொருத்தினார். ஃபியூஸுக்கும் பேட்டரிக்கும் இடையில் வரும் கம்பிக்குப் பாதுகாப்பே கிடையாது என்பதால் அந்தத் தூரம் முக்கியம். விலை குறைவென்று ஹோல்டரை வாங்குவோர் முதலில் வயரைச் சீவிப் பார்க்க வேண்டும்.

ஹோல்டரும் ஃபியூஸும் 350 ரூபாய், கூலி 900 ரூபாய். இரண்டு நாள் கவனத்துக்கு இது குறைவு என்றே நினைக்கிறேன். காத்திருக்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

மழை ஓய்ந்தபின் ஒருநாள் மூடியைத் திறந்து பார்த்தேன். உள்ளே ஈரம் இல்லை, லக்கில் பச்சைக் களிம்பும் ஏறவில்லை. உதிரியாக இரண்டு சிவப்பு ஃபியூஸ்களை டாஷ்போர்டு அறையில் வைத்திருக்கிறேன்; குஞ்சப்பனையில் மறுபடி நின்றாலும், காரணத்தைக் கண்டு நீக்கிய பின் கையாலேயே மாற்றிக்கொள்ளலாம்.