மெக்பெத் படிக்கும் பிள்ளைக்கு எந்தப் படத்தைப் போடுவது?

அக்கா மகளுக்குப் புகுமுக வகுப்பில் ஆங்கில இலக்கியம். நாடகம், ஷேக்ஸ்பியரின் மெக்பெத்: சூனியக்காரிகளின் வாக்கை நம்பி, மனைவியின் தூண்டுதலில் அரசனைக் கொன்று பட்டமேறும் ஸ்காட்லாந்துத் தளபதியின் கதை. "சின்னம்மா, நாலு தடவ படிச்சிட்டேன், யாரு யாரைக் கொன்னாங்கன்னு மட்டுந்தான் புரியுது. படம் இருந்தா போடுங்களேன்" என்று ஒரு சனிக்கிழமை வந்து நின்றாள். பெயர்ப்பலகையில் பெஸ்தாரி ஜெயா என்று இருந்தாலும் நாங்கள் இன்னும் பத்தாங் பெர்சுந்தை என்றே சொல்லும் இந்த ஊரில், கடைவீட்டு மாடியில் ஆங்கில டியூசன் சொல்லிக்கொடுப்பது என் பிழைப்பு. சுற்றியுள்ள செம்பனைத் தோட்டங்களிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு வீட்டில் தமிழ், பள்ளியில் மலாய், அதற்கப்புறம்தான் ஆங்கிலம். அதிலும் நானூறு வருடத்துக்கு முந்திய ஆங்கிலம் என்றால் கேட்கவே வேண்டாம். அதனால் படம் போட்டுக் காட்டுவதில் எனக்கு மறுப்பே இல்லை. எந்தப் படம் என்பதில்தான் முதலில் தவறு செய்தேன்.

சீக்கிரம் தள்ளிவைக்க வேண்டியவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை ஜப்பானுக்குக் கொண்டுபோன குரோசாவாவின் 1957 படமும், மும்பை நிழல் உலகத்துக்குக் கொண்டுவந்த விஷால் பரத்வாஜின் 2003 'மக்பூல்' படமும் அருமையானவை. ஆனால் இரண்டிலும் ஷேக்ஸ்பியரின் வரி ஒன்றுகூட இல்லை. தேர்வு முடிந்த மறுநாள் போட்டுக் கொடுங்கள். ரோமன் போலன்ஸ்கியின் 1971 படத்தை நான் மட்டும் தனியாகப் பார்த்தேன். ரத்தம் கொஞ்சநஞ்சமல்ல. மெக்பெத்தின் மனைவி லேடி மெக்பெத் தூக்கத்தில் நடக்கும் காட்சியில் உடம்பில் துணி இல்லை. எங்கள் வீட்டுத் தொலைக்காட்சி இருப்பது கூடத்தில், அம்மா கீரை ஆய்ந்துகொண்டு உட்காரும் இடத்துக்கு நேர் எதிரில். அதையும் விட்டுவிட்டேன்.

மிச்சம் மூன்று: ஜஸ்டின் கர்செலின் 2015 படம், ஜோயல் கோயனின் 2021 படம், அப்புறம் ட்ரெவர் நன் மேடையேற்றியதைத் தொலைக்காட்சிக்காகப் பதிவு செய்து 1979இல் ஒளிபரப்பியது.

முதலில் 2015ஐத்தான் போட்டேன். மைக்கேல் ஃபாஸ்பெண்டரை எக்ஸ்மென் படங்களில் பார்த்திருக்கிறாள், வண்ணம், பனிமூட்டம், போர்க்களம் என்று எல்லாம் கண்ணுக்கு விருந்து. இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அசையாமல் உட்கார்ந்து பார்த்தாள். மறுவாரம் அவள் எழுதிய கட்டுரையைக் கொண்டுவந்தாள். "மெக்டஃபின் மனைவி மக்களைக் கட்டிவைத்து எரித்ததைக் கண்ணால் பார்த்துத்தான் லேடி மெக்பெத்துக்கு மனம் பேதலித்தது" என்று எழுதியிருந்த இடத்தில், அவள் ஆசிரியை சிவப்பு மையில் வட்டம் போட்டு "எந்த அங்கம், எந்தக் காட்சி?" என்று கேட்டிருந்தார்.

நூலில் அப்படி ஒரு காட்சி கிடையாது. நான்காம் அங்கத்தில், மெக்பெத்தை எதிர்க்கும் பிரபுவான மெக்டஃபின் கோட்டைக்குள் மெக்பெத் அனுப்பிய கொலைகாரர்கள் புகுந்து கத்தியால் குத்துகிறார்கள். லேடி மெக்பெத் அந்தப் பக்கத்திலேயே இல்லை. எரிப்பது, அவள் நின்று பார்ப்பது இரண்டும் இயக்குநருடைய கற்பனை. இன்னொன்றும் நடந்திருந்தது. அரசன் கொலையான இரவில் கதவு தட்டப்பட, குடிபோதையில் எழுந்து வரும் வாயிற்காவலன் தன்னை நரகத்தின் வாயிற்காவலனாக நினைத்துக்கொண்டு பேசும் காட்சி 2015 படத்தில் இல்லை. படத்தை நம்பிய பிள்ளை நூலிலும் அந்தப் பக்கத்தைத் தாண்டிவிட்டாள். இரட்டை அர்த்தத்தில் சத்தியம் செய்து தப்பப் பார்ப்பவர்களை அவன் கேலி செய்கிறான். இங்கிலாந்து மன்னரையும் நாடாளுமன்றத்தையும் வெடிவைத்துத் தகர்க்கப் போட்ட 1605 வெடிமருந்துச் சதியும் அதன் வழக்குகளும் இன்னும் ஆறாத காலத்தில் அந்தப் பேச்சு பார்வையாளர்களுக்கு எவ்வளவு சுருக்கென்று இருந்திருக்கும்! சூனியக்காரிகள் மெக்பெத்தை ஏமாற்றுவதும் அதே இரட்டைப் பேச்சால்தான். அந்தப் பக்கம் விட்டுப்போனால் நாடகத்தின் நரம்பு ஒன்று அறுந்துபோகிறது.

அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. மாணவருக்குப் படம் தேர்ந்தெடுக்கும்போது நடிப்பு, வேகம், அழகு எல்லாம் இரண்டாம் பட்சம். பார்க்க வேண்டியது ஒன்றுதான்: நூல் பதில் சொல்லாமல் விட்ட இடத்தில் படம் என்ன செய்கிறது? தேர்வில் கேட்பது பெரும்பாலும் அந்த இடங்களைத்தான். லேடி மெக்பெத் தான் பாலூட்டியிருப்பதாகச் சொல்கிறாள். ஆனால் குழந்தை எங்கே என்று நாடகம் சொல்வதே இல்லை. மாணவி அதைப் பற்றி யோசித்து, வாதம் செய்து எழுத வேண்டும். 2015 படமோ குழந்தையின் ஈமச்சடங்கில்தான் தொடங்குகிறது. விடையைக் கையில் கொடுத்துவிட்டால் பிள்ளை எங்கே யோசிப்பாள்?

கத்திக் காட்சியை மட்டும் எடுத்து வரிசையாகப் பாருங்கள். "என் கண்முன் தெரிவது கத்தியா?" என்று மெக்பெத் கேட்கிறான். போலன்ஸ்கியில் கத்தி நிஜமாகவே காற்றில் மிதக்கிறது. கர்செலில் போரில் செத்த சிறுவன் ஒருவன் அதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். கோயனில் தூரத்தில் மின்னுவது கதவின் கைப்பிடி. 1979இல் ஒன்றுமே இல்லை. இயன் மெக்கெல்லன் வெறும் காற்றைப் பார்க்கிறார், நாம் அவர் கண்களைப் பார்க்கிறோம். "அங்க ஒன்னுமே இல்லயே சின்னம்மா, இவருக்கு மட்டும் எப்படித் தெரியுது?" என்றாள் பிள்ளை. வகுப்பில் ஒரு மணி நேரம் விளக்கினாலும் வராத கேள்வி அது.

அதனால்தான் நான் 1979 பக்கம். இந்தத் தயாரிப்பு முதலில் 1976இல் ஸ்ட்ராட்ஃபோர்டில் 'தி அதர் பிளேஸ்' என்ற சிறு அரங்கில் நடந்தது. அரங்கு என்று பெயர்தான், நெளிதகரக் கொட்டகை. அதைப் படித்ததும் எனக்கு எங்கள் தோட்டத்துக் கோயில் திருவிழா நாடகம் நினைவுக்கு வந்துவிட்டது. தகரக் கூரை, இரண்டு மஞ்சள் பல்பு, பின்னால் ஒரு கறுப்புப் படுதா. ராஜாவாக நிற்பவர் விடியற்காலையில் பால்மரம் சீவிவிட்டு வந்தவர் என்று எங்களுக்கெல்லாம் தெரியும். ஆனாலும் அவர் "இது என் அரண்மனை" என்றால் அரண்மனைதான். 1979 பதிவிலும் அதேதான். சுற்றிலும் இருட்டு, நடுவில் வெளிச்சம், உட்கார மரப்பெட்டிகள், கோட்டையும் இல்லை குதிரையும் இல்லை. பேச்சு மட்டும்தான் எல்லாவற்றையும் கட்டி எழுப்புகிறது. கேமரா முகத்துக்கு அருகில் போய் நின்றுகொள்கிறது.

பேச்சு மிஞ்சுவதால் நூலைக் கையில் வைத்துக்கொண்டு தொடர முடிகிறது. வசன வரிகளை அணைத்துவிட்டு, பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு கேட்கச் சொன்னேன். 2015இல் விரல் பத்து வரி, இருபது வரி என்று தாவித் தாவித் தொலைந்துபோகும். 1979இலும் வெட்டு உண்டு, ஆனால் விரல் சீக்கிரமே மறுபடி இடத்தைப் பிடித்துவிடுகிறது. உச்சரிப்பும் தெளிவு. கோடர் பிரபுவின் 'Thane' என்ற பட்டத்தை அவள் இவ்வளவு நாளாகத் "தானே" என்று படித்துக்கொண்டிருந்தாள். அது "தேன்" என்று ஒலிக்கும் என்பதே காதால் கேட்டபோதுதான் தெரிந்தது. தமிழ்ப்பள்ளியில் செய்யுளை ராகம் போட்டு மனனம் செய்த பிள்ளை, இல்லையா, இரண்டாம் நாளே அந்த வரிகளின் சீர் அவள் வாயில் வந்துவிட்டது.

லேடி மெக்பெத்தாக வரும் ஜூடி டென்ச் தூக்கத்தில் நடக்கும் காட்சியைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. கறுப்பு உடை, கையில் மெழுகுவத்தி. கையைத் தேய்த்துத் தேய்த்து, கடைசியில் ஒரு நீண்ட ஓலம். வார்த்தை எதுவும் கிடையாது, மூச்சு முழுதும் தீரும்வரை இழுக்கிற ஓலம். கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மாவுக்கு ஆங்கிலம் ஒரு சொல்லும் தெரியாது. கையை நிறுத்திவிட்டு, "ஐயோ, யார் பெத்த பிள்ளையோ" என்றார்.

குறை இல்லாமல் இல்லை. படம் பழசு, மங்கல். கொஞ்ச நேரத்துக்கு யார் கொலையுண்ட அரசனின் மகன் மால்கம், யார் மெக்பெத்தின் நண்பன் பாங்க்வோ என்று பிரித்துப் பார்ப்பதே பாடு. முதல் இருபது நிமிடத்தில் பிள்ளை மூன்று தடவை கொட்டாவி விட்டாள். அப்புறம் விருந்துக் காட்சி. மெக்பெத் ஆள்வைத்துக் கொன்ற பாங்க்வோவின் ஆவி உள்ளே வந்து மெக்பெத்தின் இருக்கையில் அமர்கிறது என்று 1623இல் அச்சான முதல் பதிப்பிலேயே குறிப்பு இருக்கிறது. 1979இல் ஆவியைக் காட்டவில்லை, மெக்கெல்லன் வெற்று இருக்கையைப் பார்த்து நடுங்குகிறார். என்னைப் பொறுத்தவரை அதுதான் அதிக பயம். ஆனாலும் இங்கே நூலை மாற்றியது எனக்குப் பிடித்த படம்தான். அதை அவளிடம் மறைக்காமல் சொன்னேன். பக்க ஓரத்தில் குறித்துக்கொண்டாள்.

2021 படம் நல்ல இரண்டாவது. கறுப்பு வெள்ளை, 105 நிமிடம், வாயிற்காவலன் இருக்கிறான். மூன்று சூனியக்காரிகளையும் கேத்ரின் ஹன்டர் ஒருவரே செய்கிறார், உடம்பை முறுக்கிக்கொண்டு அவர் பேசும் இடத்தில் எனக்கே முதுகு சில்லிட்டது. டென்செல் வாஷிங்டனும் ஃபிரான்செஸ் மெக்டார்மண்டும் வயதான தம்பதி. இதுதான் கடைசி வாய்ப்பு என்ற தவிப்பு அதில் நன்றாக வருகிறது. ஆனால் வாஷிங்டன் பல இடங்களில் வாய்க்குள்ளேயே பேசுகிறார். முதல் முறை கேட்கும் பிள்ளைக்குக் கஷ்டம். நூலில் செய்தி கொண்டுவரும் சின்னப் பாத்திரமான ராஸை இங்கே பெரிய சூழ்ச்சிக்காரனாக வளர்த்திருக்கிறார்கள். நாடகம் தெரிந்தபிறகு அது சுவை, தெரிவதற்கு முன் குழப்பம். ஆப்பிள் டிவியில் (முன்பு ஆப்பிள் டிவி பிளஸ்) இருக்கிறது, ஒரு மாதச் சந்தா போதும்.

ஒன்று சொல்ல வேண்டும். நான் இப்படி முழுசாகச் செய்து பார்த்தது ஒரே ஒரு பிள்ளையிடம், அதுவும் படிக்க ஆசைப்பட்டு வந்தவளிடம். என் மாலை வகுப்பில் புத்தகத்தையே தொடாத பையன்கள் நாலைந்து பேர் இருக்கிறார்கள். அவர்களிடம் 1979ஐப் போட்டால் ஐந்து நிமிடம் நிற்பார்களா? அவர்களுக்கு 2015இன் போர்க்களத்தை முதலில் காட்டி இழுக்க வேண்டியிருக்கலாம். அப்படியானால் எதெல்லாம் நூலில் இல்லை என்று அன்றைக்கே எழுதிக் கொடுத்துவிடுவேன்.

இப்போது நாங்கள் ஒரு காட்சி படிப்பது, அதை 1979இல் பார்ப்பது, நிறுத்துவது, மறுபடி படிப்பது என்று போகிறோம். ஒரு மாலைக்கு இரண்டு காட்சிக்கு மேல் ஓடுவதில்லை. நேற்று நான்காம் அங்கத்தில் மெக்டஃபுக்குக் குடும்பம் அழிந்த செய்தி வரும் இடம். "அவனுக்குப் பிள்ளைகள் இல்லை" என்கிறார். அந்த 'அவன்' மெக்பெத்தா, பக்கத்தில் நிற்கும் மால்கமா என்று கேட்டேன். அவளுக்குச் சட்டென்று பதில் வரவில்லை. ரிமோட்டை என் கையிலிருந்து வாங்கி, அந்த இடத்தைத் திரும்பப் போட்டாள்.