12 வார ஃபேஷன் போட்டோகிராபி கோர்ஸ்: லைட் கத்துக்கலாம், போர்ட்ஃபோலியோவ நம்பிப் போகாதீங்க

12 வாரம் ஒரு ஃபேஷன் போட்டோகிராபி கோர்ஸ் போய் முடிச்சேன். பேரு சொல்லல, இதே அமைப்புல தான் நிறைய எடத்துல நடத்துறாங்க, அதனால சேரலாமான்னு யோசிக்கிறவங்களுக்கு உதவும்னு கொஞ்சம் விலாவாரியாவே எழுதுறேன்.

லைட் கிளாஸ் அருமை. எடுத்தவர் மொத மூணு வாரம் ரெண்டாவது லைட்ட தொடவே விடல. சாஃப்ட்பாக்ஸ (லைட்டுக்கு முன்னாடி வெள்ளத் துணி கட்டின பெட்டி, வெளிச்சத்த மென்மையாக்கும்) மாடல்கிட்டருந்து ஒரு மீட்டர்ல வெச்சு ஒரு படம், மூணு மீட்டர் தள்ளி ஒரு படம், ரெண்டுலயும் முகத்துல வெளிச்சம் சமமா வர்ற மாதிரி எக்ஸ்போஷர் (கேமரா எடுத்துக்கற வெளிச்சத்தோட அளவு) வெக்கணும். தூரம் ரெண்டு மடங்கானா வெளிச்சம் கால்வாசி ஆயிடும்னு எல்லாரும் படிச்சிருப்போம், ஆனா கிட்ட வெச்சப்ப பின்னாடி சுவரு இருட்டுக்குள்ள போறதையும் தள்ளி வெச்சதும் அதே சுவரு வெளுத்துட்டு வர்றதையும் கண்ணால பாத்தப்புறம் தான் மண்டையில ஏறுச்சு. கன்னத்துக்குப் பக்கத்துல ஒரு கறுப்புத் துணியப் பிடிச்சா தாடை எப்படி எடுப்பா தெரியுது, பின்னல் ஸ்வெட்டருக்கு ஏன் பக்கவாட்டுல லைட் அடிக்கணும், இதெல்லாம் இனி எனக்கு மறக்காது. கேமராவ கேபிள்ல லேப்டாப்போட சேத்து கேப்சர் ஒன்ங்கற சாஃப்ட்வேர்ல பாத்துக்கிட்டே எடுக்கறதும் சொல்லிக் குடுத்தாங்க. காலர் மடிஞ்சிருக்கறத ஸ்டைலிஸ்ட் பெரிய ஸ்கிரீன்ல பாத்துட்டு அடுத்த ஷாட்டுக்குள்ள ஓடிவந்து சரி பண்ணிடறாங்க, சின்ன ஸ்கிரீன எட்டி எட்டிப் பாக்கற வேலையே இல்ல.

ரீடச்சிங் (எடுத்த படத்த கம்ப்யூட்டர்ல சரி பண்றது) கிளாஸ் சுமார் தான்.

பிரச்சனை கடைசி மூணு வாரம். "போர்ட்ஃபோலியோ ஷூட்"னு, அதாவது வேலை கேக்கப் போறப்ப காட்டற படத் தொகுப்புக்கான ஷூட்னு சொல்லி தான் பீஸே வாங்குறாங்க, ஆனா அங்க நடந்தது என்னன்னா ஒரே மாடல், ஒரே டிரஸ், அவங்களே செட் பண்ணி வெச்ச லைட், நாங்க 10 பேர் வரிசையா வந்து ஆளுக்கு 15 நிமிஷம் க்ளிக் பண்ணிட்டுப் போனோம். படம் அழகா தான் இருந்துச்சு, நானும் சந்தோஷமா எடுத்துட்டுப் போய் ஒரு துணி பிராண்டோட ஆர்ட் டைரக்டர்கிட்ட காட்டினேன், அவங்க ரெண்டு பக்கம் புரட்டிட்டு "இந்தப் படத்த போன மாசமே வேற ஒருத்தர் காட்டினாரே"ன்னாங்க. எனக்கு அங்க பதில் சொல்லவே வாய் வரல. அன்னிக்கு ராத்திரி அந்தப் படம் மொத்தத்தையும் ஃபோல்டர்லருந்து தூக்கிட்டேன்.

அதுக்கப்புறம் நானே தேடி, என்ன மாதிரியே புதுசா வந்த ஒரு மேக்கப் ஆர்ட்டிஸ்ட், ஒரு ஸ்டைலிஸ்ட், ஏஜென்சில புதுசா சேந்த ஒரு மாடல், நாலு பேரும் சேந்து டெஸ்ட் ஷூட் பண்ணோம். யாருக்கும் சம்பளம் கெடையாது, படம் நாலு பேருக்கும் சொந்த வேலைக்குப் பயன்படும், அவ்ளோ தான் ஒப்பந்தம். ஜன்னல் வெளிச்சம், அதத் திருப்பி அடிக்க ஒரு தெர்மாகோல் போர்டு, பின்னாடி பழைய கேன்வாஸ் துணி. அமெரிக்க ஃபேஷன் போட்டோகிராபர் இர்விங் பென் 1950ல பாரிஸ்ல எடுத்த ஃபேஷன் படங்களுக்குப் பின்னாடி இருக்கறதும் ஒரு பழைய நாடகத் திரைச்சீலையும் ஜன்னல் வெளிச்சமும் தான், அத நெனச்சு தான் தைரியமா எறங்கினேன். இப்ப என் போர்ட்ஃபோலியோல மொத ஆறு படம் அந்த ஷூட்டுது. எனக்கு அசிஸ்டென்ட் வேலை கெடச்சதும் அந்த ஆறு படத்த வெச்சு தான்.

அசிஸ்டென்ட் வேலையப் பத்தி கோர்ஸ்ல ஒரு வார்த்த பேசல, இது எனக்கு ரொம்ப வருத்தம். பிரிட்டன்ல பெரிய ஃபேஷன் போட்டோகிராபரான டேவிட் பெய்லி கூட 1959ல ஜான் ஃப்ரெஞ்ச்ங்கற போட்டோகிராபர்கிட்ட அசிஸ்டென்ட்டா இருந்து தான் வந்தாரு. லைட் ஸ்டாண்டு சாயாம இருக்க மண் மூட்ட போடறது, ஷூட்டுக்கு லேட்டா வந்த மாடல பதறாம வெக்கறது, கிளையன்ட் முகத்தப் பாத்தே படம் புடிச்சிருக்கா இல்லையான்னு கண்டுபுடிக்கறது, இதெல்லாம் செட்ல நின்னா தான் வரும். அதே மாதிரி லைசென்ஸ் விஷயம், அதாவது எடுத்த படத்த கிளையன்ட் எங்கெங்க எத்தன மாசம் பயன்படுத்தலாம், அதுக்கு தனியா எப்படி கேக்கறது, படத்தப் பயன்படுத்த சம்மதம்னு மாடல்கிட்ட கையெழுத்து வாங்கற ரிலீஸ் ஃபார்ம், எல்லாத்தையும் சேத்து கடைசி நாள்ல அரை மணி நேரம். சோறு போடப்போறதே இது தான், ஒரு முழு வாரம் குடுத்திருக்கணும்.

லைட்டுக்கு 5க்கு 4.5, போர்ட்ஃபோலியோவுக்கு 1. சேர்றதுக்கு முன்னாடி போன பேட்ச்ல படிச்ச ரெண்டு பேரோட போர்ட்ஃபோலியோவ கேட்டு வாங்கி பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க. ரெண்டும் ஒரே ஆள் எடுத்த மாதிரி இருந்துச்சுன்னா, லைட் கிளாஸ்ல மட்டும் சேர முடியுமான்னு கேளுங்க.